சுஷி மேசையில் உட்காரும் முன்: செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் எந்த வீட்டில் விசாரித்தாலும் பிள்ளையோ பேத்தியோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். அறுபதாம் கல்யாணம், பிறந்தநாள், பதவி உயர்வு என்று ஏதாவது ஒரு சாக்கில் "நல்ல சுஷிக் கடை ஒன்று இருக்கிறது, இடம் பிடித்துவிட்டேன், கிளம்புங்கள்" என்று அவர்கள் சொல்லும் நாளும் வந்துவிடும். பச்சை மீனாமே, குச்சியில் எப்படிச் சாப்பிடுவது, நமக்கு ஆகாததை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கு முந்தைய ராத்திரி தூக்கம் கெடும். அப்படிப்பட்டவர்களுக்காகவும், முதல் தடவை பெற்றோரைக் கூட்டிப்போகிற பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுஷி என்பது வினிகர் கலந்த சோற்றோடு மீனோ காயோ சேர்த்துத் தருவது. உயர்தர சுஷிக் கடையில் நாம் கவனிக்க வேண்டியது சோறு. மீனைப் பார்த்து மிரளுகிறவர்களும் சரி, மீனைப் பார்த்து மயங்குகிறவர்களும் சரி, சோற்றைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அங்கே கடைப்பிடிக்கிற கட்டுப்பாடுகள் பலவற்றுக்கும் காரணம் அந்தச் சோறுதான். பழைய அரிசியா புது அரிசியா, குழைந்ததா விதைவிதையாக நிற்கிறதா என்று தலைமுறை தலைமுறையாகக் குறை கண்டுபிடித்த நாக்கு நம்முடையது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

எந்த மாதிரிக் கடை?

அழைத்தவரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தட்டுகள் நகரும் பட்டையில் சுற்றி வருகிற கடை 1958இல் ஒசாகாவில் யோஷியாகி ஷிராய்ஷி என்பவர் தொடங்கி வைத்த முறை. மலிவு, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

உயர்தரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீண்ட மரப்பலகைக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து வைக்க, இந்தப் பக்கம் எட்டுப் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. மெனு அட்டை பெரும்பாலும் இருக்காது. என்ன தருவது என்பதை அவரே முடிவு செய்வார். இதை ஓமகாசே என்கிறார்கள். இன்னொன்று, மங்கலான விளக்கும் இசையும் உள்ள பெரிய கூடம். மெனுவைப் பார்த்து நாமே சொல்லலாம், நாலு பேர் பகிர்ந்து சாப்பிடலாம். 'நவீன ஜப்பானிய உணவகம்' என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

வீட்டில் ஒருவர் சைவம் என்றால் இரண்டாவது வகைக்குப் போங்கள். எல்லாரும் மீன் சாப்பிடுகிறவர்கள், புதிதாக ஒன்றைப் பார்க்க ஆசை என்றால் முதல் வகைக்கு. பிள்ளை இடம் பிடிப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

பதிவு செய்யும்போது சொல்ல வேண்டியவை

ஓமகாசேயை நம் கல்யாணப் பந்தியைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் எது எப்போது விழ வேண்டும் என்பது பரிமாறுகிறவர் கையில். ஒரு வித்தியாசம், பந்தியில் வேண்டாததை இலை ஓரத்தில் ஒதுக்கலாம். இங்கே ஒதுக்கினால் சமையல்காரர் கண்ணெதிரே ஒதுக்குகிறோம், அதோடு அதற்கும் சேர்த்துத்தான் காசு. ஆகவே ஆகாதது எல்லாவற்றையும் இடம் பிடிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அன்றைய மீனை அதற்கேற்பத்தான் வாங்குவார்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மாட்டிறைச்சியைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். சுஷிக் கடைதானே, மீன் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். வாக்யூ என்ற ஜப்பானிய மாட்டிறைச்சியை நெருப்பில் லேசாக வாட்டிச் சோற்றின் மேல் வைத்துத் தருவது நவீனக் கடைகளில் சர்வசாதாரணம். வாத்து ஈரலும் வரலாம். இறால், நண்டு, சிப்பி ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எள், சோயா, முட்டை ஆகாதவர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. கொம்பு எனும் கடற்பாசியையும், காயவைத்துப் புகையூட்டி மரக்கட்டை மாதிரி ஆன சூரை வகை மீனின் சீவலையும் போட்டு இறக்குவது. மீசோ எனும் புளிக்கவைத்த சோயா விழுதுச் சூப்பிலும், ஆவியில் வெந்த முட்டைக் கலவையிலும், கத்தரிக்காயை வேகவைத்த சாற்றிலும் இது இருக்கும். கடைசியில் வரும் முட்டைத் துண்டில் சில கடைகளில் இறாலை அரைத்துச் சேர்ப்பதும் உண்டு. எனவே "மீன் சாப்பிட மாட்டோம்" என்று சொன்னால் போதாது. "மீன் சீவல் போட்ட தாஷியும் கூடாது, கடற்பாசியும் காளானும் மட்டும் போட்ட தாஷி சரி" என்று சொல்லுங்கள். ஜப்பானியப் பௌத்த மடங்களில் அப்படி ஒரு சாறு நெடுங்காலமாக இருப்பதால் சமையல்காரருக்குச் சட்டென்று புரியும். வெள்ளரிக்காய்ச் சுருள், வெண்ணெய்ப்பழச் சுருள், வாட்டிய கத்தரிக்காய், ஷிடாக்கே காளான் எல்லாம் சைவத்தில் கிடைக்கும். கன்பியோ என்று ஒன்று உண்டு, சுரைக்காயை நாடாவாகச் சீவிக் காயவைத்து, சோயாவிலும் சர்க்கரையிலும் வேகவைத்துச் சோற்றுக்குள் சுருட்டியது. வற்றல் போட்டு வளர்ந்த ஆச்சிமார்களுக்கு இது பிடித்துப்போகும் என்பது என் கணிப்பு. அதிலும் தாஷி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுவைத் தொடாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சாக்கே என்ற அரிசி மதுவும் பல குழம்புகளில் சேரும். பெரும்பாலும் கொதிக்கவைத்துத்தான் சேர்ப்பார்கள், ஆனாலும் சேரும். அது வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடலாம்.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்பு வரை 21 நாள், தைப்பூசத்துக்குப் பழனி நடைக்கு மாலை போட்ட நாட்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு நினைவிருக்காது. பல கடைகளில் முன்பணமோ கடன் அட்டை எண்ணோ வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் போய்விடும்.

கிளம்பும் முன்

மூன்று விஷயங்கள்தான். முதலாவது வாசனை. அத்தர், ஜவ்வாது, சென்ட் எதுவும் வேண்டாம். சொல்லவே சங்கடமாக இருக்கிறது, மல்லிகைப் பூவும் வேண்டாம். பலகையில் தோளோடு தோளாக உட்காருகிற இடம் அது. மீனின் மணமும் சோற்றில் கலந்த வினிகரின் மணமும் மிக மெல்லியவை, ஒரு முழம் பூ அதை அமுக்கிவிடும்.

இரண்டாவது மோதிரம், வளையல், கடிகாரம். அந்தப் பலகை பெரும்பாலும் ஹினோக்கி எனும் ஜப்பானிய சைப்ரஸ் மரம். நல்ல கடைகளில் ஒரே பலகையாக இழைத்திருப்பார்கள், பூச்சு இருக்காது, மென்மையான மரம், கீறல் உடனே விழும். பர்மாத் தேக்குத் தூணைத் தடவித் தடவிப் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. கைபேசியைக்கூட அதன் மேல் இழுக்காதீர்கள்.

மூன்றாவது நேரம். ஏழு மணி என்றால் ஏழு மணி. எல்லாரும் ஒன்றாகத் தொடங்கினால்தான் பரிமாற முடியும் என்பது பாதிக் காரணம். மீதி, சோறு அந்த நேரத்துக்கென்று வடித்திருக்கும். கால் மணி நேரம் தாமதமானால் சூடு இறங்கிவிடும். ராகுகாலம் பார்க்கிறவர்கள் பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். அப்புறம், நம் காலண்டரில் புதன்கிழமை 12 முதல் 1.30 வரை என்று போட்டிருப்பது காலை ஆறு மணி சூரிய உதயத்துக்கான கணக்கு. சிங்கப்பூரில் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடிகிறது, ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்குத் தாராளமாக உட்காரலாம்!

உட்கார்ந்ததும்

ஈரத் துண்டு ஒன்று சூடாகவோ குளிராகவோ தருவார்கள். கை துடைக்க மட்டும். முகம், கழுத்து வரை போக வேண்டாம்.

குச்சி பிடிக்கத் தெரியாதே என்ற கவலையை விட்டுவிடுங்கள். மீன் வைத்த சோற்றுப்பிடியை, அதாவது நிகிரியை, கையால் எடுத்துச் சாப்பிடலாம். சலுகை என்று நினைக்க வேண்டாம், பழைய முறையே அதுதான். 1820களில் எடோ நகரத்தில், இன்றைய தோக்கியோவில், ஹனாயா யோஹெய் என்பவர் இந்தப் பாணியைப் பிரபலமாக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லும் வரலாறு. தெருவோரத் தள்ளுக்கடையில் நின்றபடியே கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போன சாப்பாடு அது. வெறும் மீன் துண்டுகளுக்கும் மற்ற சிறு கிண்ணங்களுக்கும் மட்டும் குச்சி வேண்டும். கரண்டி கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குச்சி விஷயத்தில் இரண்டு மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் குச்சியை அப்படி நிறுத்துவார்கள். தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் கைமாற்றி எடுப்பார்கள். நமக்கும் இழவு வீட்டுச் சடங்கு எது, விருந்து வீட்டுப் பழக்கம் எது என்ற பிரிவினை உண்டு என்பதால் இது எளிதில் மனதில் நிற்கும்.

இப்போது சோறு

முதல் நிகிரி வந்ததும் உடனே வாயில் போடுங்கள். படம் எடுக்க ஆசையிருந்தால் ஒரே ஒரு சொடுக்கு, பிளாஷ் இல்லாமல், தொடக்கத்திலேயே சமையல்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு. அவர் அதைப் பிடித்து வைத்தபோது சோறு ஏறக்குறைய உடம்புச் சூட்டில் இருக்கும், மேலே மீன் அதைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். அந்த இரண்டும் சேரும் கணத்துக்குத்தான் இத்தனை பாடு. பேச்சு முடியட்டும் என்று வைத்துவிட்டால் போயிற்று.

ஒரே வாயில் போட வேண்டும். கடித்துப் பாதியைத் திரும்ப வைத்தால் சோறு உதிர்ந்துவிடும், ஏனென்றால் உள்ளே காற்று இருக்கும்படி தளர்வாகப் பிடித்திருப்பார்கள். வாயில் போட்டதும் தானாகக் கலைய வேண்டும், ஆனால் கையில் எடுக்கும்போது கலையக் கூடாது. அந்தப் பக்குவம் கைக்கு வரப் பல வருடம் ஆகும் என்கிறார்கள். வாய் சிறியது, பல் சரியில்லை என்றால் கூச்சப்படாமல் "சோறு கொஞ்சம் குறைத்து" என்று சொல்லுங்கள். இது அங்கே அன்றாடம் கேட்கிற கோரிக்கைதான். முதல் துண்டுக்கே சொல்லிவிட்டால் கடைசி வரை அதே அளவில் பிடித்துத் தருவார்.

குட்டையான, பருத்த அரிசி. வடித்தவுடன் அகலமான மரத்தொட்டியில் கொட்டி, வினிகர், உப்பு, சிறிது சர்க்கரை சேர்த்து, மரக் கரண்டியால் வெட்டி வெட்டிக் கலந்து விசிறுவார்கள். நம் கவுனி அரிசி அளவுக்கு ஒட்டாது, பொன்னி அரிசி அளவுக்கு உதிராது. சோறு பழுப்பாக வந்தால் ஏதோ கறுத்த சாதம் என்று நினைக்க வேண்டாம். சாக்கே பிழிந்த சக்கையைப் பல வருடம் ஊறவிட்டுச் செய்கிற சிவப்பு வினிகரின் நிறம் அது. அதன் சுவை கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், கொழுப்பு மீனோடு நன்றாகப் போகும். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒரு சின்னப் பயிற்சி: முதல் இரண்டு துண்டிலும் மீனை மறந்துவிட்டு, சோறு தனித்தனியாக நாக்கில் தெரிகிறதா, புளிப்பு முந்துகிறதா உப்பு முந்துகிறதா என்று மட்டும் கவனியுங்கள். மூன்றாவது துண்டிலிருந்து பச்சை மீன் என்ற பயம் தன்பாட்டில் அடங்கிவிடும்.

வரிசையில் என்ன வரும்?

கடைக்குக் கடை மாறும், ஆனால் போக்கு ஒன்றுதான். மெல்லிய சுவையில் தொடங்கி அழுத்தமான சுவைக்குப் போவது. முதலில் சோறில்லாத சிறு கிண்ணங்கள் சில வரும். பிறகு நிகிரிகளில் வெள்ளை மீன், கணவாய். அப்புறம் சூரை மீனின் பெரிய அண்ணனான நீலத்துடுப்புச் சூரை, மூன்று கட்டமாக: சிவந்த கொழுப்பில்லாத பகுதி, பாதிக் கொழுப்பு, வயிற்றடிக் கொழுப்பு. ஓதோரோ எனப்படும் அந்தக் கடைசிப் பகுதி இன்று மிக விலை கூடியது, முற்காலத்தில் அதைச் சீந்துவாரில்லை. எனக்கென்னவோ நடுவில் வருகிற பாதிக் கொழுப்புத்தான் சரியான சமநிலை. கடைசிப் பகுதி இரண்டாவது துண்டிலேயே திகட்டிவிடும்.

அடுத்து வெள்ளித் தோல் மீன்கள், கானாங்கெளுத்தி வகையறா. உப்பிலும் வினிகரிலும் ஊறியிருக்கும். மீன் குழம்பில் புளிக்குப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும், தயங்குகிறவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம். வெந்த இறால் வரும். கடற்பாசித் தாள் சுற்றிய சோற்றின் மேல் ஆரஞ்சு நிறக் கதுப்பாக ஒன்று வந்தால் அது உனி, முள்ளுருண்டை போன்ற கடல் உயிரின் உள்ளே இருப்பது. இதற்கு நடுத்தரக் கருத்தே கிடையாது, பிடித்தால் உயிர், இல்லையென்றால் வேண்டாம். கடற்பாசித் தாள் நமத்துப்போவதற்குள் சாப்பிட வேண்டும். பிறகு இனிப்புக் குழம்பு பூசிய கடல் விலாங்கு. முட்டைத் துண்டு வந்தால் முடியப்போகிறது என்று பொருள். சூப்பும் பழமோ ஐஸ்கிரீமோ வந்து முடியும்.

சால்மன் எங்கே என்று பேரன் கேட்பான். பழைய எடோ பாணிக் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. பச்சைச் சால்மனைச் சுஷியில் வைக்கும் வழக்கமே 1980களில் நார்வே நாட்டுக்காரர்கள் தங்கள் வளர்ப்பு மீனை ஜப்பானில் விற்க முயன்றபோது வந்தது. நவீனக் கூடங்களில் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

வசாபியும் இஞ்சியும் சோயாவும்

"காரமா? நமக்குக் காரமா?" என்று ஒரு விழுது வசாபியை அப்படியே நாக்கில் வைக்கிற வீரம் வேண்டாம். மிளகாய்க் காரம் நாக்கில் நிற்கும், வசாபி மூக்கில் ஏறும், கண்ணில் நீர் வரும். கடுகை அரைத்தால் வருகிற அதே வேதிப்பொருள்தான் இதிலும். நல்ல கடையில் வசாபித் தண்டைச் சுறாத்தோல் ஒட்டிய பலகையில் கண்ணெதிரே தேய்ப்பார்கள். தேய்த்த கொஞ்ச நேரத்திலேயே வீரியம் போய்விடும் என்பதால்தான் அவ்வப்போது தேய்ப்பது. மலிவுக் கடைகளில் வருகிற பச்சை விழுது பெரும்பாலும் குதிரை முள்ளங்கி, கடுகு, பச்சை நிறமி.

நிகிரிக்குள் வசாபியை அவரே வைத்திருப்பார், மேலே சோயாக் கலவையும் தடவியிருப்பார். அதைத் தனியாகச் சோயாவில் தோய்க்கத் தேவையில்லை. தோய்க்க வேண்டிய கடையாக இருந்தால் துண்டைச் சாய்த்து மீன் பக்கம் மட்டும் தொட வேண்டும். சோற்றைத் தோய்த்தால் அது உறிஞ்சிக் கரைந்து கிண்ணத்திலேயே கொட்டிவிடும். ஊறவைத்த இஞ்சியைத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக நினைக்க வேண்டாம், அது ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய. பையில் எலுமிச்சை ஊறுகாய் பாக்கெட் கொண்டுபோகிறவர்கள், தயவுசெய்து அதை ஓட்டல் அறையிலேயே விட்டுவிடுங்கள்.

பச்சை மீன் ஒத்துக்கொள்ளுமா?

நியாயமான கேள்வி. கடல் மீனில் அனிசாக்கிஸ் போன்ற புழுக்கள் இருக்கலாம். அவற்றைக் கொல்ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு: மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம். பொறுப்புள்ள கடைகள் மீனின் வகைக்கேற்ப இதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் உறையவைப்பதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை, அவற்றுக்குச் சுத்தமும் தொடர்ந்த குளிர்ச்சியும்தான் காவல். நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. 2015இல் அப்படி ஒரு நோய்ப்பரவல் வந்த பிறகு, கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதைச் சிங்கப்பூர் அரசு தடை செய்தது.

கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மாற்று உறுப்பு பொருத்தியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்த முதியவர்கள் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும். பதிவு செய்யும்போது சொன்னால் வெந்த இறால், விலாங்கு, முட்டை, வாட்டிய மீன் என்று முழுச் சாப்பாடும் தரமுடிகிற கடைகள் உண்டு. ரத்த அழுத்தக்காரர்கள் சோயாவைக் குறைக்கவும், சர்க்கரைக்காரர்கள் சோற்றில் சர்க்கரை இருப்பதை மறக்காமலும் இருக்கவும்.

திரும்பி வந்த ஜோரில் தொண்டியிலோ ஜெகதாபட்டினத்திலோ வந்த மீனை வாங்கி வீட்டில் பச்சையாக வெட்டிப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த மீன் குழம்புக்கு அருமை. பச்சையாகச் சாப்பிடுவதற்கான பராமரிப்பு படகிலேயே தொடங்க வேண்டும், அதற்கு நம் வீட்டு ஃப்ரீசரின் குளிரும் போதாது.

நவீனக் கூடத்தில் என்ன கேட்கலாம்?

இந்தப் பாணிக்குப் பெரிய வழி போட்டவர் நோபு மட்சுஹிசா. தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் வேலை பார்த்து, அங்கத்திய எலுமிச்சையையும் மிளகாயையும் ஜப்பானிய மீனோடு சேர்த்தவர். 1987இல் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில் கடை திறந்தார். மீன் துண்டின் மேல் பச்சை மிளகாய் வளையம், மீசோவில் ஊறவைத்துச் சுட்ட மீன் எல்லாம் அவர் கடைகள் வழியாக உலகம் முழுக்கப் போனவை. நமக்கு அந்த இரண்டுமே எளிதில் ஒத்துப்போகும்.

நாலு பேருக்கு ஒரு தட்டு நிகிரி, இரண்டு சுருள், சுட்ட மீன் ஒன்று, மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி தெம்புரா ஒன்று போதும், குறைந்தால் மறுபடி சொல்லிக்கொள்ளலாம். மயோனைஸ் வழிகிற, பொரித்த துணுக்கு தூவிய பெரிய சுருள்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை மோசமில்லை, ஆனால் அவற்றில் தொடங்கினால் பிறகு வருகிற எதுவும் சப்பென்று இருக்கும்.

பில்

ஓமகாசே விலை இரவைவிட மதியம் பல கடைகளில் கணிசமாகக் குறைவு, முதல் தடவைக்கு அதுவே போதும். சிங்கப்பூர் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தால் 220 ஆகி, அப்புறம் 239 வெள்ளி 80 காசு. டிப்ஸ் தனியாகத் தர வேண்டாம். நம் நாட்டில் சாதாரண உணவகத்துக்கு 5 சதவீதம், அறை வாடகை கூடிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி. சேவைக் கட்டணத்தைக் கடை தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னதை தில்லி உயர் நீதிமன்றம் 2025இல் உறுதி செய்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாம்.

தண்ணீரையும் கவனியுங்கள். பாட்டில் தண்ணீருக்குத் தனி விலை, தேநீர் பல இடங்களில் சேர்த்தி. நடுவில் "இன்று இது விசேஷம், சேர்த்துக்கொள்ளலாமா" என்று கேட்டுத் தருவது ஓமகாசே விலைக்கு வெளியே, அதனால் தலையாட்டும் முன் விலையைக் கேளுங்கள். பிள்ளை கொடுக்கப்போகிற பில்லாக இருந்தாலும் கேட்கலாம், தப்பில்லை. எழுந்திருக்கும்போது சமையல்காரரைப் பார்த்து "கோச்சிசோசாமா" என்று சொல்லுங்கள், சாப்பிட்டதற்கு நன்றி சொல்லும் வழக்கம் அது. கடையை விட்டுக் கிளம்பியதும் ரூபாய்க் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.